பொய்யென நிறுவப்பட்ட நூலின் வாழ்வு: யூத எதிர்ப்புப் பிரசாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூல் போலியானது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டால், அதன் செல்வாக்கும் அத்துடன் முடிந்துவிடும் எனக் கருதுவது கற்றோர் இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் வரலாறு இந்நம்பிக்கைக்கு மாறான சான்றொன்றைத் தருகின்றது. ‘சீயோன் மூப்பரின் கூட்டறிக்கைகள்’ என்னும் சிறு நூல் 1903இல் ரஷ்யாவில் அச்சேறியது. 1921இல் அது போலியென்பது இலண்டனில் வெளிப்படையாக எடுத்துக்காட்டப்பட்டது. எனினும் அந்நூலின் கொடிய விளைவுகள் பெரும்பாலும் அதன் பின்னரே நிகழ்ந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுள் அதன் கருத்தை ஏற்ற கட்சியொன்று ஜேர்மனியின் ஆட்சியைக் கைக்கொண்டது. 1945இல் போர் முடிவுற்றபோது ஐரோப்பிய யூதருள் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் கொல்லப்பட்டிருந்தனர். அம்பலமாகிய ஒரு பொய் இத்துணை ஆற்றலை எவ்வாறு பெற்றது என்னும் வினா, யூதரின் வரலாற்றோடு மட்டும் நின்றுவிடுவதன்று. அறிவும் அரசியலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைப் பற்றியதாகும்.

பழைய வெறுப்பும் புதிய பெயரும்

யூதர் மீதான வெறுப்பு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு உடையது. கிறித்தவச் சிறுவரைச் சடங்குக்காகக் கொல்கின்றனர் என்னும் பழி 1144இல் இங்கிலாந்தின் நொரிச் நகரில் நிகழ்ந்த ஒரு சிறுவனின் மரணத்தை ஒட்டி எழுந்தது. 1348-49 ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சிட்டோர் யூதரே எனக் கூறிப் பல நகரங்களில் அவர்கள் கொல்லப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து 1290இலும், ஸ்பெயினிலிருந்து 1492இலும் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். இவ்வெறுப்பு அடிப்படையில் சமயஞ் சார்ந்தது. மதம் மாறியோர்க்குக் கோட்பாட்டளவிலேனும் அதனின்றும் தப்ப வழியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பிரெஞ்சுப் புரட்சியின் பயனாக 1791இல் பிரான்சிலும், பின்னர் 1871இல் ஒன்றிணைந்த ஜேர்மனியிலும் யூதர் சம உரிமை பெற்றனர். தொழில், இதழியல், மருத்துவம், சட்டம் முதலிய துறைகளில் அவர்கள் முன்னேறிய அதே காலத்திலேயே, கைத்தொழிற் புரட்சியால் நிலைகுலைந்த பிறர் தம் இன்னல்களுக்குக் காரணம் தேடலாயினர். 1879இல் வில்ஹெல்ம் மார் என்னும் ஜேர்மானிய எழுத்தாளர், தம் கொள்கைக்கு ‘செமித்திய எதிர்ப்பு’ என்னும் சொல்லைப் பரப்பினார். சமயத்தின் இடத்தை இனம் பெற்றது. மதமாற்றத்தாலும் நீங்காத, பிறப்பிலேயே அமைந்த குற்றமாக யூதப் பிறப்புக் காட்டப்பட்டது. நவீன யூத எதிர்ப்பின் தனித்தன்மை இதுவேயாகும்.

போலியின் பிறப்பு

‘கூட்டறிக்கைகள்’ யூதத் தலைவர்கள் இரகசியமாகக் கூடி, பணத்தாலும் பத்திரிகைகளாலும் புரட்சிகளாலும் உலகை அடிமைப்படுத்தத் திட்டமிட்டனர் எனக் கூறுவது. இதன் உள்ளடக்கம் யூதர் எவரிடமிருந்தும் வந்ததன்று. 1864இல் மொறிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர், நரகத்தில் மக்கியவெல்லியும் மொண்டெஸ்கியூவும் உரையாடுவதாக ஓர் அங்கத நூலைப் பெயர் குறிப்பிடாது வெளியிட்டார். பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் கொடுங்கோன்மையைத் தாக்குவதே அதன் நோக்கம். அதன் பொருட்டு ஜோலி சிறைத் தண்டனையும் பெற்றார். யூதரைப் பற்றிய பேச்சே அந்நூலில் இல்லை. போலியைப் புனைந்தோர் அந்நூலில் மக்கியவெல்லி கூறும் சூழ்ச்சிகளை எடுத்து யூத மூப்பரின் வாயில் இட்டனர். ‘கூட்டறிக்கைகளில்’ நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பகுதிகள், அதாவது நூலின் ஐந்தில் இரு பங்கு, ஜோலியிடமிருந்து பெறப்பட்டவை என ஆய்வாளர் நோர்மன் கோன் கணித்துள்ளார்.

இக்களவின் தன்மையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பல வகைக் கருத்துகளையும் பேசும் பத்திரிகைகளை ஒரே ஆட்சியாளன் இயக்கும் விதத்தை விளக்க, ஜோலி அவற்றை நூறு கரங்கள் கொண்ட விஷ்ணுவுக்கு ஒப்பிட்டிருந்தார். உலகை ஆளத் திட்டமிட்டதாகக் கூறப்படும் யூத மூப்பரும் அதே இந்துக் கடவுளை, அதே இடத்தில், அதே நோக்கத்துக்கு உவமையாகக் கையாளுகின்றனர். நூலைப் புனைந்தவர் உவமையை மாற்றும் சிரமத்தையும் மேற்கொள்ளவில்லை.

யூத மூப்பரின் இரகசியக் கூட்டம் என்னும் கற்பனையும் புதியதன்று. 1868இல் ஹேர்மன் கோட்ஷே என்னும் ஜேர்மானியர் புனைபெயரில் எழுதிய ‘பியாரிட்ஸ்’ என்ற நாவலில், பிராக் நகர யூத மயானத்தில் அத்தகைய கூட்டமொன்று நள்ளிரவில் நடைபெறுகின்றது. நாவலின் அப்பகுதி பின்னர் தனியே பிரிக்கப்பட்டு உண்மை ஆவணமாக ரஷ்யாவில் உலவியது.

‘கூட்டறிக்கைகள்’ முதன்முதலில் 1903ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் வெளிவந்த ‘ஸ்னாமியா’ என்னும் பத்திரிகையில் தொடராக வந்தன. அதன் ஆசிரியர் பாவெல் குருஷெவான். அதே ஆண்டு ஏப்ரிலில் கிஷினேவ் நகரில் 49 யூதர் கொல்லப்பட்ட கலவரத்துக்கு, அவர் அங்கு நடத்திய மற்றொரு பத்திரிகையின் எழுத்துகள் தூண்டுகோலாய் அமைந்தன. 1905இல் சேர்கெய் நிலுஸ் என்பவர் தம் சமய நூலொன்றின் மறுபதிப்பில் ‘கூட்டறிக்கைகளைச்’ சேர்த்தார். ஆயினும் 1917 வரை இந்நூல் ரஷ்யாவுக்கு வெளியே பெரிதும் அறியப்படவில்லை.

போரும் புரட்சியும் தந்த வாய்ப்பு

முதலாம் உலகப்போரும் ரஷ்யப் புரட்சியும் இந்நூலுக்கு உலகைத் திறந்துவிட்டன. முடியாட்சியை இழந்து வெளியேறிய ரஷ்யர் இதனை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். 1920இல் ஜேர்மன் மொழிபெயர்ப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விற்பனையில் இருந்தன. தோல்வியுற்ற ஜேர்மனியர், போர்க்களத்தில் தோலாத தம் படை உள்நாட்டுத் துரோகிகளால் முதுகிற் குத்தப்பட்டது என நம்ப விரும்பினர். அப்போரில் ஜேர்மனிக்காகப் போரிட்டு மாண்ட யூத வீரர் ஏறத்தாழ 12,000 பேர் என்னும் உண்மை இக்கதையின் முன் எடுபடவில்லை.

இந்நூலுக்கு மதிப்பான இடமும் கிடைத்தது. 1920 மே 8ஆம் திகதி இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகை, இக்கூற்றுகள் மெய்யோ என விசாரணை கோரி எழுதியது. ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் வண்டி உற்பத்தியாளர் ஹென்றி போர்ட், தமக்குச் சொந்தமான ‘டியர்போர்ன் இன்டிபென்டன்ட்’ வார ஏட்டில் 1920 மே முதல் தொடர்ந்து 91 இதழ்களில் யூதரைத் தாக்கும் கட்டுரைகளை வெளியிட்டார். அவை ‘சர்வதேச யூதன்’ என்னும் தலைப்பில் நூலாகிப் பல மொழிகளுக்குச் சென்றன. அவதூறு வழக்கொன்றின் பின் 1927இல் போர்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நூல் ஜேர்மனியில் விற்பனையாவது நிற்கவில்லை. ஹிட்லர் இளைஞர் படையின் தலைவராய் விளங்கிய பால்டூர் வொன் ஷிராக், தம்மைப் பதின்ம வயதில் யூத எதிர்ப்பாளராக்கியது போர்ட்டின் நூலே என 1946இல் நியூரம்பேர்க் நீதிமன்றில் கூறினார். மன்னிப்பு நூலின் வேகத்தில் பயணஞ் செய்வதில்லை.

அம்பலமும் அதன் எல்லையும்

1921இல் ‘ரைம்ஸ்’ பத்திரிகையின் கொன்ஸ்தாந்திநோப்பிள் நிருபர் பிலிப் கிறேவ்ஸ், அங்கு அகதியாயிருந்த ரஷ்யர் ஒருவரிடமிருந்து தலைப்புத்தாள் இழந்த பழைய பிரெஞ்சு நூலொன்றைப் பெற்றார். அது ஜோலியின் நூலெனக் கண்டறியப்பட்டது. ஆகஸ்ட் 16 முதல் 18 வரை மூன்று கட்டுரைகளில் இரு நூல்களின் பகுதிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஓராண்டுக்கு முன் ஐயத்தைக் கிளப்பிய பத்திரிகையே அதனைத் தீர்த்தும் வைத்தது. இத்துடன் அந்நூலின் கதை முடிந்தது என்றே அது கருதியது.

கதை முடியவில்லை. 1922 யூன் 24ஆம் திகதி ஜேர்மன் வெளிநாட்டமைச்சரும் யூதருமான வால்டர் ராத்தெனவ் பேர்லின் வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் சீயோன் மூப்பருள் ஒருவர் என்னும் நம்பிக்கை கொலையாளிகளின் வழக்கிலே வெளிப்பட்டது. 1925இல் வெளியான ‘மெயின் காம்ப்’ நூலில் ஹிட்லர், யூதச் சார்பான பத்திரிகைகள் இதனைப் போலி எனக் கதறுவதே இது மெய்யென்பதற்குச் சிறந்த சான்று என்னும் கருத்தில் எழுதினார். மறுப்பு எதுவாயினும் சான்றாகவே கொள்ளப்படும் இவ்வமைப்பினுள் ஆதாரத்துக்கு நுழைவாயில் இல்லை.

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது கொயபல்ஸின் நிலை. 1924இல் தம் நாட்குறிப்பில் அவர், ‘கூட்டறிக்கைகள்’ போலி என்றே தாம் கருதுவதாகவும், எனினும் அவற்றின் உட்பொருள் உண்மையென நம்புவதாகவும் எழுதிவைத்தார். இவ்விடத்தே கிறேவ்ஸின் ஆராய்ச்சி முற்றாக வலுவிழக்கின்றது. ஆவணத்தை நம்பி வெறுப்படைந்தவனுக்கு ஆவணத்தின் பொய்மையைக் காட்டலாம். வெறுப்பை முதலில் கொண்டு ஆவணத்தைப் பின்னர் தேடியவனுக்கு எதனைக் காட்டுவது? முதலாளிகளும் யூதரே, பொதுவுடைமைப் புரட்சியாளரும் யூதரே என்னும் முரண்பாடு இப்பிரசாரத்தைத் தளர்த்தாமைக்கும் காரணம் இதுவே. இரண்டும் ஒரே மறைகரத்தின் வேலை எனக் கூறிவிட்டால், முரண்பாடே சூழ்ச்சியின் நுட்பத்துக்குச் சான்றாகிவிடுகின்றது.

அரசின் கருவியாகியபோது

1933இல் ஜேர்மனியில் வாழ்ந்த யூதர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவரினும் குறைவானவர். நாஜிக் கட்சி 1928 மே தேர்தலில் 2.6 வீத வாக்குகளையே பெற்றது. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய பின், 1932 யூலையில் 37.3 வீதம் பெற்றது. வாக்களித்தோர் பலரை ஈர்த்தது வேலையின்மையும் ஆட்சிக் குழப்பமுமேயன்றி, யூத எதிர்ப்பு மட்டுமன்று என ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். ஆயினும் அக்கட்சியின் யூத வெறுப்பு அவர்களுக்குத் தடையாகத் தோன்றவில்லை. பொய்யை நம்பியோரின் தொகையைவிட, அதனைப் பொருட்படுத்தாதோரின் தொகையே முடிவை நிர்ணயித்தது எனலாம்.

ஆட்சிக்கு வந்ததும் பிரசாரம் அரச இயந்திரமாகியது. 1933 மார்ச்சில் கொயபல்ஸின் கீழ்ப் பிரசார அமைச்சு நிறுவப்பட்டது; மலிவு விலை வானொலிப் பெட்டிகள் வீடுதோறும் சென்றன. யூலியஸ் ஸ்ட்ரைச்சரின் ‘தெர் ஸ்டூர்மர்’ ஏடு தெருக்களில் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டு, விலை கொடாதாரும் படிக்க வழிசெய்யப்பட்டது. 1935இன் நியூரம்பேர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பர் 9ஆம் 10ஆம் திகதிகளில் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. 1940இல் வெளியான ‘யூத் சூஸ்’ என்னும் திரைப்படத்தை ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தனர். அடுத்த ஆண்டு திட்டமிட்ட படுகொலை தொடங்கியபோது, அண்டை வீட்டார் அழைத்துச் செல்லப்படுவதைக் கண்டு வாளாவிருக்கும் பழக்கம் மக்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

இதே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர நீதிமன்றம், 1935 மே மாதம், ‘கூட்டறிக்கைகள்’ களவும் போலியும் எனத் தீர்ப்பளித்தது. 1937இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குக்கு ஆதாரமான இழிநூற் சட்டம் அரசியற் பிரசாரத்துக்குப் பொருந்தாது எனக் கூறித் தண்டனையை நீக்கியது. வரலாற்றுண்மை நிலைநாட்டப்பட்டது, அதனைச் செயற்படுத்தும் சட்டம் இல்லாதிருந்தது.

1945இன் பின்

1946 ஒக்டோபரில் ஸ்ட்ரைச்சர் தூக்கிலிடப்பட்டார். எவரையும் தம் கையாற் கொன்றார் என்பது அவர்மீதான குற்றமன்று. எழுத்தால் கொலைக்குத் தூண்டினார் என்பதே குற்றம். 1948இன் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை, பகிரங்கமான நேரடித் தூண்டுதலைத் தண்டனைக்குரியதாக்கியது. 1994இல் ருவாண்டாவில் துற்சி மக்களைக் கொல்லத் தூண்டிய வானொலி, பத்திரிகை ஆகியவற்றின் பொறுப்பாளர்களை ஐக்கிய நாடுகளின் நீதிமன்றம் 2003இல் குற்றவாளிகளாகக் கண்டபோது, ஸ்ட்ரைச்சர் தீர்ப்பும் நினைவுகூரப்பட்டது.

ஆயினும் பழைய கதைகள் அழியவில்லை. 1946 யூலையில் போலந்தின் கீல்ஸ் நகரில், சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான் என்னும் பொய்யால், படுகொலைகளினின்றும் தப்பிய யூதர் 42 பேர் கொல்லப்பட்டனர். 1953இல் சோவியத் ஒன்றியத்தில், பெரும்பாலும் யூதரான மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஸ்டாலின் இறந்தபின் அது புனைவென ஒப்புக்கொள்ளப்பட்டது. மத்திய கிழக்கிலும் ‘கூட்டறிக்கைகள்’ பரவின. 1988இன் ஹமாஸ் சாசனம் அந்நூலைப் பெயர் கூறிச் சுட்டியது. இங்கு ஒரு வேறுபாட்டைப் பேணுதல் அவசியம். பாலஸ்தீன மக்களின் உரிமைக் கோரிக்கையும் இஸ்ரேலிய அரசின் செயல்கள் மீதான கண்டனமும் அரசியல் வாதங்கள். அவை தத்தம் ஆதாரங்களால் நிற்பவை. ஐரோப்பிய இனவெறியர் புனைந்த நூலை அவற்றுக்குத் துணையாக்குவது அக்கோரிக்கைகளுக்கே ஊறு விளைப்பதாகும்.

2018 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத் தொழுகைக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக்கொன்றவன், குடியேறிகளை யூதரே நாட்டினுள் கொணர்கின்றனர் என நம்பியவன். அவன் ஜோலியைப் படித்திருக்க வேண்டியதில்லை, ‘கூட்டறிக்கைகளைப்’ படித்திருக்கவும் வேண்டியதில்லை. எல்லாத் துன்பத்துக்கும் பின்னால் ஒரே மறைகரம் உண்டு என்னும் அமைப்பு அவனிடம் வந்துசேர்ந்திருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஆராய்ச்சி பயனற்றது என்னும் முடிவுக்கு வருதல் தவறாகும். கிறேவ்ஸ் 1921இல் அருகருகே வைத்துக் காட்டிய பகுதிகளே பேர்ண் நீதிமன்றத்திலும் ஆதாரமாயின. இன்றும் அந்நூல் எங்கு தலைதூக்கினும் அவையே முதல் விடை. ஆதாரம் ஒருபோதும் தோற்கவில்லை. அதனை அறிந்திருந்தும் பயன்படுத்தத் தவறிய பத்திரிகைகளும், நீதிமன்றங்களும், பல்கலைக்கழகங்களும், பொய்யெனத் தெரிந்தும் அதனோடு கூட்டுச் சேர்ந்த அரசியல்வாதிகளுமே தோற்றனர். வெய்மார் ஜேர்மனி கல்வியிற் குறைந்த நாடன்று. பல்கலைக்கழகங்கள் மலிந்திருந்த அந்நாட்டிலே இது நிகழ்ந்தது என்பதைக் கற்றோர் நினைவிற் கொள்ளுதல் தகும்.