இலங்கைக்காகப் பிறந்த பாலம்

மீட்டர் கேஜ் காலத்தில் கோயமுத்தூர் – ராமேஸ்வரம் ரயில் பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக ராத்திரியெல்லாம் ஓடும். மண்டபம் தாண்டியதும் அம்மாயி தோளைப் பிடித்து உலுக்குவார்: "எந்திரி கண்ணு, பாலம் வந்துருச்சு." ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர் ஏதும் இருக்காது. சிலீப்பர் கட்டை, அதற்குக் கீழே கடல், அவ்வளவுதான். வண்டி நடை வேகத்தில் ஊரும். அம்மாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு வீசுவார். அது கர்டரில் பட்டு 'ணங்' என்றால், "சாமிக்குச் சேரலியே" என்று இன்னொன்றை எடுப்பார்.

ஆனால் பாம்பன் பாலத்தை யாத்திரைக்காரர்களை நினைத்து யாரும் கட்டவில்லை. வெள்ளைக்காரர்களின் குறி இலங்கை. அங்கே தேயிலைத் தோட்டத்துக்கு ஆளும் சரக்கும் போக வேண்டும். அதற்குத் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டியிருந்தது. கடல்மேலே தலைமன்னார் வரை தண்டவாளம் போடவும் யோசித்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. பாம்பன் வரை பாலம், தனுஷ்கோடியிலிருந்து கப்பல் என்று பாதித் திட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பாதிதான் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாலம். ஒரே டிக்கெட்டில் சென்னையையும் கொழும்பையும் இணைத்த 'போட் மெயில்' அதன்மேல் ஓடியது.

நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதிசயம், கப்பலுக்கு வழிவிடும் நடுக்கண். வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறை அது. துலா ஏற்றத்தின் பின்முனையில் கல் கட்டுவது போல இரண்டு பாதிக்கும் எடை கட்டியிருப்பார்கள். ஆட்கள் இருபுறமும் நின்று கையால் சுற்றச் சுற்ற, நூற்றுக்கணக்கான டன் இரும்பு உருண்டு பின்னுக்குச் சாய்ந்து வானம் பார்க்கும். மோட்டார் கிடையாது!

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைப் பிடுங்கிப் போட்டது. தூக்குக்கண் அசையவில்லை. 6 மாதம் என்று முதலில் கெடு வைத்த வேலையை, 32 வயது ஈ. ஸ்ரீதரன் கடலில் கிடந்த கர்டர்களை எடுத்து மாட்டி 46 நாளில் முடித்தார். கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. இலங்கையில் சண்டை மூண்டதும் அதுவும் நின்றது. எதற்காகப் பாலம் பிறந்ததோ அது போய்விட்டது. மிஞ்சியவர்கள் அம்மாயி போன்றவர்கள்தான்.

மீட்டர் கேஜோடு எங்கள் வண்டியும் போனது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 முதல் பக்கத்திலேயே புதுப்பாலம், அதன் 72.5 மீட்டர்க் கண் மோட்டாரில் நேராக மேலே எழும்புகிறது.

ரயில்வேக்கு ஒரு வேண்டுகோள்: மற்றக் கர்டர்களை என்ன செய்தாலும் சரி, ஷெர்சர் கண்ணை மட்டும் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். பாம்பனிலோ மண்டபத்திலோ நிறுத்தி, பிள்ளைகள் கையால் சுற்றிப் பார்க்க விடுங்கள்.