கால் பெருவிரல் கோணல்: அறுவை முறைகளின் வரலாறு

கால் பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்புறம் துருத்தி நிற்கும் குறைபாடு பெருவிரல் கோணல். துருத்தும் முண்டுக்குப் ‘பனியன்’ என்று பெயர். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு; காலணியின் பங்கோ கண்கூடு. கேம்பிரிட்ஜில் தோண்டியெடுத்த இடைக்கால எலும்புக்கூடுகள் பற்றி 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கே இக்கோணல் இருந்தது. கூர்முனைக் காலணி பரவிய அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது 27 விழுக்காடு.

முண்டைச் செதுக்கினால் போதும் என்றே மருத்துவர்கள் முதலில் நம்பினர். செதுக்கிய இடத்தில் முண்டு மறுபடி தலைகாட்டியது. 1881இல் ஜெனீவாவின் ஜாக் லூயி ரெவெர்தின், விரலுக்குப் பின்னுள்ள முதல் பாத எலும்பிலேயே ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து அதை நிமிர்த்தினார். 1904இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கெல்லர் விரலெலும்பின் அடிப்பகுதியை அகற்றும் முறையை வெளியிட்டார். அதில் வலி தணியும். ஆனால் விரல் குறுகி, தரையை உந்தும் வலு குறையும், சுமை பக்கத்து விரல்களின் அடியில் இறங்கும். இன்று முதியோர் சிலருக்கு மட்டுமே அது பொருந்துகிறது. 1928இல் எர்ல் மெக்பிரைடு எலும்பை நிமிர்த்தாமல் தசைநாண்களைச் சரிசெய்தார். மூட்டின் அடியிலுள்ள சிற்றெலும்பு ஒன்றையும் அவர் எடுத்துவிட்டதால், சிலருக்கு விரல் எதிர்ப்பக்கம் கோணியது. பின்வந்தோர் அச்சிற்றெலும்பை விட்டுவைத்தனர்.

கோணலின் வேர் விரலில் மட்டும் இல்லை, அதற்குப் பின்னுள்ள எலும்பின் சாய்விலும் இருக்கிறது என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். பால் லாப்பிடஸ் 1934இல் அந்த எலும்பின் அடிமூட்டை நேராக்கி ஒட்டவைக்கும் முறையை விளக்கினார். கடுமையான கோணலுக்கும் தளர்ந்த மூட்டுக்கும் அது ஏற்றது. எலும்பு ஒட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்டினும் லெவென்டனும் 1981இல் விவரித்த ‘செவ்ரான்’ முறையில் எலும்பின் தலைப்பகுதியை ‘V’ வடிவில் வெட்டி நகர்த்துவர். லேசான, நடுத்தரக் கோணலுக்கு அது போதும். சாய்வு கூடினால் ‘ஸ்கார்ஃப்’: எலும்பை நீளவாக்கில் ‘Z’ வடிவில் வெட்டி, நகர்த்தி, திருகாணியால் பிணைப்பர். மரத்துண்டுகளை நீளவாக்கில் பொருத்தும் தச்சு இணைப்பின் பெயரே இதற்கும் வந்தது. பெருவிரலின் அடிமூட்டே தேய்ந்திருந்தால் எலும்பை நகர்த்திப் பயனில்லை. அம்மூட்டை ஒட்டவைப்பதே நல்லது.

அண்மையில் பரவியுள்ள நுண்துளை முறையில் தழும்பு சிறியது. நீண்டகால நோக்கில் அது பழைய முறைகளைவிட மேல் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

அறுவைக்குப் பயன் உண்டா என்பதைப் பின்லாந்தில் 209 பேரிடம் சோதித்து 2001இல் வெளியிட்டனர். செவ்ரான் செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டில், காலணித் தாங்கி அணிந்தவர்களைவிட வலி குறைவாக இருந்தது. ஆகவே வலி இருந்தால் அறுவைக்குப் பயனுண்டு; எந்த முறை என்பதை ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் எலும்புச் சாய்வும் மூட்டின் நிலையும் தீர்மானிக்கட்டும். வலியில்லாத கோணலை அழகுக்காக அறுத்துக்கொள்ள வேண்டாம்.