துப்பாக்கி, துவக்கு, ரிவால்வர்

நாளிதழில் ‘கைத்துப்பாக்கி’ என்று வந்தால் அது ரிவால்வரா பிஸ்டலா என்று வாசகருக்குத் தெரியாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால். அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கி நிற்கும். ‘கைத்துப்பாக்கி’ என்ற சொல் பிடிக்கும் இடத்தைச் சொல்கிறது, வேலை செய்யும் விதத்தைச் சொல்வதில்லை.

‘துப்பாக்கி’யை ‘துப்பு’, ‘ஆக்கி’ என்று பிரித்துப் பொருள் காண்பவர்கள் உண்டு. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்பார்கள். கேட்க இனிக்கிறது, உண்மை வேறு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘துபாக்கி’, உருதுவில் ‘துபக்’, பாரசீகத்தில் ‘துஃபங்’, துருக்கியில் ‘துஃபெக்’. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கி அகராதியிலேயே இதன் மூத்த வடிவம் இருக்கிறது. பச்சை மரப்பட்டையைக் குழலாக உரித்து, அதில் உருண்டையை வைத்துக் குருவி அடிக்கும் ஊதுகுழல் என்பது அங்கே பொருள். வெடிமருந்து வந்தபோது குழலின் பெயர் இரும்புக் குழலுக்குப் போயிற்று. அதே சொல் இலங்கைத் தமிழில் ‘துவக்கு’ ஆனது, சிங்களத்தில் ‘துவக்குவ’. பீரங்கியும் பரங்கியர் பெயரோடு வந்ததுதான், தோட்டாவும் உருது வழி வந்தது. ஆனால் சுத்தியல்போல் பின்னால் சாய்ந்து முன்னால் பாயும் உறுப்புக்கு நம்மவர் ‘குதிரை’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல் உருளை, ஆங்கிலேய அதிகாரிகளின் இடுப்போடு நம் ஊருக்கு வந்தது. ‘ரிவால்வர்’ என்ற பெயரும் கூடவே வந்துவிட்டது. ‘சுழல் துப்பாக்கி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் அகராதியில் இருந்தும் பேச்சில் ஏறவில்லை. அது ஏற வேண்டும் என்று விரும்புகிறேன். காரணம் மொழிப்பற்று மட்டுமல்ல. விசையை இழுக்கும்போது உருளை ஓர் அறை நகர்ந்து, அந்த அறை குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொள்ள வேண்டும். தேய்ந்த பழைய ரிவால்வரில் அது சற்று விலகி நிற்கும். ஈயம் குழலின் விளிம்பில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். நல்ல ரிவால்வரிலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி வழியே சூடான வாயு வெளியேறும். விரல் அங்கே இருக்கக் கூடாது. பிஸ்டலில் இந்த இடைவெளியே இல்லை. இவை எல்லாம் ‘சுழல்’ என்ற சொல்லுக்குள் இருக்கின்றன, ‘கை’ என்ற சொல்லில் இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பிட்டர் ஒருவரிடம் பூட்டிய உருளை விரலுக்கு ஆடுகிறது என்றால், ‘பிளே இருக்கு’ என்று உடனே சொல்லிவிடுவார். ஆனால் அவர் அதைச் சரிசெய்யக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும்.

அம்பத்தூரை அடுத்த ஆவடி என்றதும் ஆயுதம் நினைவுக்கு வந்தாலும், இங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாவது டாங்கி. 1965இல் வெளிவந்த விஜயந்தாவில் தொடங்கி இன்றைய அர்ஜுன் வரை அதே கதை. பொதுமக்களுக்கான .32 ரிவால்வர் கான்பூரில் செய்யப்படுகிறது. பழைய வெப்ளி ரிவால்வரின் அமைப்பைத் தழுவிய அது, நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு அறை கொண்டது. 2014இல் அங்கேயே வந்த ‘நிர்பீக்’ டைட்டானியக் கலவையில் செய்தது, அரைக் கிலோ எடை. ராணுவ அளவுத் தோட்டாக்கள் சாதாரண உரிமத்தில் கிடைக்காததால்தான் .32 இத்தனை பரவியது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும்.

பராமரிப்பில் பலர் குழலை மட்டும் துடைத்துவிட்டு ஆறு அறைகளை மறந்துவிடுகிறார்கள். முதலில் திறந்து, ஆறும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே துணியை எடுக்க வேண்டும். பழைய தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்து உப்பை விட்டுச்செல்லும். அதை வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் தொட வேண்டும். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது. சென்னையின் ஐப்பசி மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுத்துவிடும். உறை சுமந்து செல்லத்தான், வைத்துப் பூட்ட அல்ல. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி சில வாரம் கழித்துத் திரும்பி வரும்போது உருளையின் பின்புறம், தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத்தின் அடியில் பாருங்கள். துரு முதலில் பிடிக்கும் இடங்களில் அது ஒன்று.