கூரைக்கு உரியவர் யார்? – கிராண்ட்பாஸ் தோட்டக் குடியிருப்புகளும் திருத்த நிதியும்

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோட்டையையும் துறைமுகத்தையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அத்துறைமுகத்தில் உழைத்தோரின் ஒழுகும் கூரைகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. வறியோரின் வீடுகளை மழைக்கும் வெயிலுக்கும் தாங்குமாறு செப்பனிட அரசு நிதி வழங்கிய வரலாற்றினைக் கிராண்ட்பாஸ் பகுதியை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்னும் பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயரே கிராண்ட்பாஸ் என மருவிற்று. 1822இல் அமைந்த படகுப் பாலத்துக்குப் பதிலாக 1895இல் விக்டோரியா பாலம் எழுந்தது. 1875இல் தொடங்கிய அலைதடுப்பு வேலையோடு துறைமுகம் விரிவடைய, கூலித் தொழிலாளர் வடகொழும்பில் வந்து குவிந்தனர். அவர்களுக்கென நில உடைமையாளர் கட்டியவையே ‘தோட்டங்கள்’. செடி கொடி எதுவும் இல்லாத இடத்துக்குத் தோட்டம் என்று பெயர்! நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், பொதுவான குழாய், பொதுவான மலசலகூடம் என்பதே அவற்றின் அமைப்பு. ஓர் அறையின் மேல் ஓடு உடைந்தால் நீர் சிலாகை வழியே ஓடி அடுத்த அறையில் விழும். ஒழுக்கு ஒருவருடையதாக இருப்பதில்லை என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

1942ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது; ஆயின் வாடகை உயராத வீட்டைத் திருத்த உடைமையாளர் முன்வரவில்லை. 1972இன் வாடகைச் சட்டமும் அவ்வழியே சென்றது. 1973ஆம் ஆண்டின் முதலாம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் மேலதிக வீடுகளைத் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சேர்ப்பித்தது. நோக்கம் நியாயமானதே. எனினும் பழைய உடைமையாளரின் கடமை போனபின் அந்த நீண்ட கூரையை யார் பொறுப்பேற்பது என்ற வினா விடையின்றி நின்றது.

1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் தோன்றின. இடித்து அகற்றுவதைவிட இருப்பதைத் திருத்துவதே மேல் என்ற கொள்கை அக்காலத்தில் வலுப்பெற்றது. மாநகர சபை, யுனிசெப் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களில் சமுதாய அபிவிருத்திச் சபைகளை ஏற்படுத்தியது. ஆர். பிரேமதாசா முன்னின்று 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் நகர்ப்புறக் குடும்பமொன்று 15,000 ரூபா வரை கடன் பெறலாயிற்று. புதுவீடு மட்டுமன்றிக் கூரை, தரை, சுவர் ஆகியவற்றின் திருத்தமும் அதில் இடம்பெற்றது. கிணறு, வடிகால், பாதை, மலசலகூடம் போன்ற பொதுவேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடாது, அச்சபைகளுக்கே அளிக்கும் ‘சமுதாய ஒப்பந்த’ முறையும் எழுந்தது. தம் வடிகாலைத் தாமே கட்டியவர் அதைக் கவனித்துக் காப்பர் என்ற எளிய உண்மையை அம்முறை நம்பியது. பிற நாடுகளும் பின்னர் அதனை மேற்கொண்டன.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. கடன் வீடு வீடாக வந்தது; ஒப்பந்தம் பொதுவெளிக்கு வந்தது. வீடுமல்லாத, வெளியுமல்லாத அந்த நீண்ட கூரை இரண்டுக்கும் இடையில் விடுபட்டது. ஒருவர் கடன்பட்டுத் தம் அறைக்குத் தகரம் மாற்றினாலும், அயலவர் மாற்றாதவரை முகட்டு வளை நனைந்துகொண்டே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1976இல் சட்டமான திட்டமொன்று இங்கு ஒப்புநோக்கத் தக்கது. வறியோர் வீடுகளில் குளிர் புகாதபடி கூரையுள்ளும் சுவரிலும் காப்பிட்டுக் கதவிடுக்குகளை அடைக்கும் வேலைக்கான நிதி, மாநிலங்கள் ஊடாக உள்ளூர் அமைப்புகளுக்கே சென்றது. அங்கே அமைப்பின் கைப்பணம் வீட்டினுள் நுழைந்தது; இங்கே அது வாயிற்படியோடு நின்றது. சமுதாய அபிவிருத்திச் சபைகளுக்குக் கூரைகளையும் ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்பதே எமது கருத்து.

2001இல் நிகழ்ந்த கணக்கெடுப்பு, கொழும்பு மாநகரில் வசதி குன்றிய குடியிருப்புகள் 1,614 என்றும் அவற்றில் 77,612 குடும்பங்கள் வாழ்ந்தன என்றும் காட்டிற்று. பின்னர், 2010ஐ அடுத்து, அரசின் கவனம் மாடிக் குடியிருப்புகளின் பக்கம் திரும்பிவிட்டது. எஞ்சிய வரிசைகளில் திருத்தம் அவரவர் கைப்பொருளின் அளவிலேயே நடைபெறுகின்றது: ஓர் அறைக்கு ஓடு, அடுத்ததற்குத் தகரம், அதற்கப்பால் அஸ்பெஸ்டஸ். தென்மேற்குப் பருவமழை வைகாசியில் தொடங்கும்போது அவை கூடும் இடங்களில்தான் வாளி வைக்கப்படுகின்றது.