மண்குதிரையும் பிளாஸ்டிக் டாங்கியும்

"இதுக்கு எதுக்குடா இத்தனை பாடு?"

அன்னவாசலில் என் அக்கா வீட்டுத் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்வி. கேட்டது என் அம்மா. பதில் சொல்ல வேண்டியவன் அக்கா மகன். காலேஜ் முதல் வருஷம்.

பயல் காதில் வாங்கவே இல்லை. எதிரே விரித்த பழைய பேப்பர்மீது ஒரு டாங்கி நின்றுகொண்டிருந்தது. டி-72. பீரங்கிக் குழாயையும் சேர்த்து 27 சென்டிமீட்டர் நீளம். அட்டைப்பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாக வந்தது. ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து... மூன்று வாரம் ஓடிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கு அவன் செய்த காரியம்தான் அம்மாவைக் கடுப்பேற்றிவிட்டது. வாசலில் அள்ளிய செம்மண்ணைத் துணியில் சலித்து, தண்ணீரும் பசையும் கலந்து, அந்தப் பளபளா டாங்கியின் சக்கரங்களில் அப்பிக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "காசு குடுத்துப் புதுசா வாங்கி, அதைப் பழசாக்குறான் பாரு!"

என் சந்தேகம் வேறு. படித்தது பி.காம். எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. பெட்டியின் மேல் 1/35 என்று போட்டிருந்தது. அதாவது, நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஏன் 35? 30 என்றோ 40 என்றோ முழுசாக வைத்துத் தொலைத்தால் என்ன?

"தெரியல மாமா. எல்லாக் கம்பெனியும் அதான் வெச்சிருக்கான்."

இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனதில், மண்குதிரையில் தொடங்கி ஜப்பான் வரை போக வேண்டியதாகிவிட்டது.

*

புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு மண்குதிரையை அறிமுகம் செய்ய வேண்டாம். ஊர் எல்லையில், கண்மாய்க்கரையில், அய்யனாருக்குக் காவலாக வரிசைகட்டி நிற்பவை. புரவி எடுப்பு என்பது ஒரு பெரிய திருவிழா. ஊர்க்காரர்கள் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்ணிலிருந்துதான் வேலை ஆரம்பம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய குதிரையை ஒரே மூச்சில் யாரும் செய்வதில்லை. கால்கள் தனி. வயிறு தனி. கழுத்தும் தலையும் தனி. உள்ளே முழுக்க வெற்றிடம். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். எல்லாவற்றையும் பொருத்திய பிறகுதான் நகாசு வேலை. கடிவாளம், சேணம், கழுத்து மணி, சலங்கை. எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஏனென்றால் அது அலங்காரப் பொம்மை இல்லை. ராத்திரி அய்யனார் ஏறி ஊரைச் சுற்றி வருகிற வாகனம். ராணுவ பாஷையில் சொன்னால் ரோந்து வண்டி.

துண்டு துண்டாகச் செய்து, பொருத்தி, நுணுக்கம் சேர்த்து, வண்ணம் பூசுவது. திண்ணையில் மருமகன் செய்துகொண்டிருந்ததும் அதேதானே?

ஆனால் நம் பழமொழி மண்குதிரையை மதிப்பதில்லை. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?' என்கிறது. (அது குதிரை இல்லை, ஆற்று மணல்திட்டைக் குறிக்கும் 'மண் குதிர்' என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கட்டும்.) பொம்மையை நம்பிப் போருக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் செய்தி.

போயிருக்கிறார்கள். ஜெயித்தும் இருக்கிறார்கள்.

*

1942. எகிப்தில் எல் அலமெய்ன் பாலைவனம். ஒரு பக்கம் ஜெர்மனியின் ரோமெல். எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் எட்டாவது ராணுவம். அதில் 4-வது இந்திய டிவிஷனும் உண்டு. பொட்டல் காடு. ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. வடக்கே தாக்கப்போகிறோம் என்பதை எதிரியிடமிருந்து எப்படி மறைப்பது?

பொறுப்பு ஜெஃப்ரி பர்காஸ் என்பவரிடம் வந்தது. ஆசாமி ராணுவப் பரம்பரை இல்லை. சினிமாக்காரர். அவர் குழுவில் ஓவியர்கள் இருந்தார்கள். செட் போடுவது இவர்களுக்கெல்லாம் கைவந்த கலை. வடக்கே வந்த நிஜ டாங்கிகளின்மேல் கான்வாஸ் கூடு மாட்டி, லாரி மாதிரி காட்டினார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட கூடுகள். தெற்கே உல்டா. நிஜ டாங்கி இருக்க வேண்டிய இடத்தில் குச்சியும் துணியுமாகப் பொம்மை டாங்கிகள்.

அது போதாதென்று தெற்கு நோக்கி சுமார் 20 மைலுக்குப் பொய்க் குழாய் ஒன்றையும் பதித்தார்கள். பள்ளம் தோண்டுவது, காலி பெட்ரோல் டப்பாக்களைக் குழாய்போல அடுக்குவது, ராத்திரியோடு ராத்திரியாக அதே டப்பாக்களை எடுத்துக்கொண்டு பள்ளத்தை மூடுவது, மறுநாள் அடுத்த பள்ளம். வேலை போகிற வேகத்தை வானத்திலிருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நவம்பர் முதல் வாரத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் தயாராகாது, அதுவரை தாக்குதலும் வராது என்றுதானே? அக்டோபர் 23 ராத்திரி, வடக்கே அடி விழுந்தது.

ஜெயித்த பிறகு சர்ச்சில் பார்லிமென்ட்டிலேயே இந்த உருமறைப்பு வேலையைப் பாராட்டினார். மண்குதிரை ஆற்றைக் கடந்துவிட்டது.

அதே வருஷம் அமெரிக்காவில் எதிர்மாதிரி ஒரு சிக்கல். வானத்தில் வருவது நம்ம விமானமா, எதிரி விமானமா? கண நேரத்தில் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் சொந்த ஆளையே சுட்டுத் தள்ள வேண்டியதுதான். சிப்பாய்களைப் பழக்கப்படுத்த அமெரிக்கக் கடற்படைக்கு மாதிரி விமானங்கள் தேவைப்பட்டன. பத்து, நூறு இல்லை. ஐந்து லட்சம்!

தொழிற்சாலைகளில் நிஜ விமானம் செய்யவே நேரமில்லை. எனவே பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். வரைபடம் வந்தது. மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். அளவு 1/72. அதற்குக் காரணம் உண்டு. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. அந்த மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், நிஜ விமானம் சுமார் அரை மைல் தூரத்தில் தெரிகிற மாதிரியே தெரியும். பிள்ளையின் கை கொஞ்சம் பிசகி, இறக்கையின் சாய்வு மாறினால் போச்சு. எங்கோ ஒரு பீரங்கிக்காரன் தப்பாகப் படிப்பான். நுணுக்கம் என்பது அங்கே உயிர்க் கணக்கு.

சரி, 72-க்குக் காரணம் கிடைத்துவிட்டது. 35?

*

1945 ஜூன் 19 ராத்திரி. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்தின்மீது அமெரிக்க பி-29 விமானங்கள் குண்டு வீசின. விடிந்தபோது சுமார் 2,000 பேர் செத்திருந்தார்கள். யோஷியோ தமியா என்பவரின் போக்குவரத்துத் தொழிலும் சாம்பலாகிப்போனது. அவருடைய பிள்ளை ஷுன்ஸாகுவுக்கு அப்போது பத்து வயது.

யோஷியோ மறுபடி எழுந்தார். 1946-ல் மர அறுவை மில். அடுத்த வருஷமே, கையிலிருந்த மரத்தை வைத்துக் கப்பல், விமான மாதிரிகள் செய்யும் பிரிவு. 1951-ல் மில்லிலும் தீ. இரண்டாவது தடவையாக எல்லாம் போச்சு. மர வியாபாரத்தையே மூட்டை கட்டிவிட்டு, பொம்மையே கதி என்று இறங்கினார்கள்.

நேரம் பாருங்கள், அந்தச் சமயம் பார்த்து மேலைநாட்டு பிளாஸ்டிக் மாதிரிகள் ஜப்பானுக்குள் நுழைந்தன. மரத்தைச் சீண்ட ஆளில்லை. வேறு வழியில்லாமல் 1960-ல் தமியாவும் பிளாஸ்டிக்குக்கு மாறி, யமாடோ போர்க்கப்பலை வெளியிட்டது. போட்டிக் கம்பெனி ஒன்று அதே கப்பலை 350 யென்னுக்கு இறக்கியது. தமியாவும் போட்டிருந்த விலையைக் குறைத்து 350-க்கே விற்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் தொழிலில் அச்சுதான் பெரிய முதலீடு. அச்சுக்கூலியே திரும்பாத விலையில் விற்றால் என்ன ஆகும்? வணிகவியல் முதல் வருஷப் பாடம். நஷ்டம்.

அடுத்த அடி தப்பினால் கம்பெனியே இருக்காது என்கிற நிலைமையில்தான் ஷுன்ஸாகு டாங்கியைக் கையில் எடுத்தார். ஜெர்மனியின் பான்தர். 1943-ல் போருக்கு வந்த 45 டன் ராட்சசன். ஏன் பான்தர்? வீரம், அழகு என்று எதையாவது எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அதன் உடம்பு நேர்கோடுகளால் ஆனது. வளைவு நெளிவு குறைவு. அச்சு வெட்டுவது சுலபம். செலவு மிச்சம்!

பையன்களைக் கவர வேண்டும் என்றால் டாங்கி ஓட வேண்டும். ஓட மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு இரண்டு பேட்டரி. அந்த இரண்டு பேட்டரியும் வயிற்றுக்குள் அடங்குகிற அளவுக்கு டாங்கியை வரைந்தார்கள். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தால், நிஜத்தில் சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

அவ்வளவுதான் சார் ரகசியம்! பேட்டரி சொன்ன அளவு அது.

பான்தர் பிய்த்துக்கொண்டு விற்றது. அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள். 1968-லிருந்து கூடவே குட்டிச் சிப்பாய்களும் வந்தார்கள். இத்தாலிக்காரர், கொரியாக்காரர், ஹாங்காங்காரர், ரஷ்யர் எல்லோரும் பின்னால் வந்து 35-ஐயே பிடித்துக்கொண்டார்கள். பேட்டரியும் மோட்டாரும் இல்லாத டாங்கிகளுக்கும் இன்றுவரை அதே அளவுதான்.

சிக்கனத்தில் ஆரம்பித்த ஷுன்ஸாகு, துல்லியத்தில் பைத்தியமாகிப்போனார். நிஜ டாங்கிகளைப் பார்க்க அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகம் வரை போனார். போர்ஷே 911 கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப்போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மாதிரி செய்தார். 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். குண்டு விழுந்து எரிந்த ஊரில் வளர்ந்த பையன், உலகத்துக்கே டாங்கி பொம்மை செய்து கொடுத்த கதை இது. இதை விசித்திரம் என்பீர்களோ, ஆறுதல் என்பீர்களோ, உங்கள் இஷ்டம். குறைந்தபட்சம், இந்த டாங்கிகளால் எந்த ஊரும் எரியவில்லை.

*

35-க்குப் பதில் கிடைத்துவிட்டது. அம்மாவின் கேள்வி பாக்கி.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். என் அத்தான் ராணுவத்தில் டாங்கி டிரைவர். ஓட்டியது டி-72. ரஷ்ய டிசைன், ஆவடி தொழிற்சாலையில் 'அஜேயா' என்று பெயர் சூட்டி உருவான வண்டி. வருஷம் முழுக்க ராஜஸ்தான். லீவுக்கு வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போவார். வேலையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. மகன் எதையாவது கேட்டால், "வண்டி ஓட்டுறேன், வேறென்ன" என்பதோடு சரி.

அந்த மாதக் கடைசியில் லீவில் வந்தவர், டிரங்குப் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் திண்ணையில் நின்று டாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பீரங்கிக்குக் கீழே இருக்கிற சின்ன மூடியைச் சுண்டுவிரலால் தொட்டார்.

"நான் இதுக்குள்ளதான்டா இருப்பேன்."

அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். கோடையில் உள்ளே எப்படி வேகும், மூடியைச் சாத்திவிட்டால் கண்ணுக்கு எவ்வளவு தெரியும், மணலில் வண்டி புதைந்தால் என்ன செய்வார்கள், எல்லாம். பின்னால் கட்டியிருந்த மரக்கட்டையைக் காட்டி, "இதுல சங்கிலி உரசின தழும்பு இருக்கும்டா, அது இல்லையே" என்றார். மகன் உடனே ஊசி எடுத்துக் கீற ஆரம்பித்துவிட்டான். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு, எதற்கு இத்தனை பாடு என்று அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

கடைசியில் அத்தான் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார். "டேய், அங்க ஏதுடா செம்மண்ணு? மாவு மாதிரி வெளுத்த மணல்ல அது ஓடும். இது நம்ம ஊரு மண்ணு."

பயலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கழுவிட்டு மாத்திடவாப்பா?"

"வேணாம், விடு. ஒரு தடவையாச்சும் அது நம்ம ஊருக்கு வந்துட்டுப் போனதா இருக்கட்டும்."