ஊவாவில் காணி வாங்குமுன்

எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் காணி விற்பனைக்கு என்று வரும் விளம்பரங்களில் ஒரே சொற்கள்தான்: குளிர், பனிமூட்டம், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அருகில், விடுதி கட்ட உகந்தது. இந்தக் காணி யாருடையது, மழையில் நிற்குமா என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவைதான்.

பதுளை மாவட்டத்தின் பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போனது. 1992க்குப் பின் அவற்றை நடத்தும் கம்பனிகளிடம் இருப்பது குத்தகை உரிமை மட்டுமே. ஆகவே தோட்டத்துக்குள் ஒரு துண்டைப் பிரித்துத் தருவதாக யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லயன் அறைகளும் அப்படித்தான். நான்கைந்து தலைமுறை வாழ்ந்தும் உறுதி கிடைக்காதவர்களிடமிருந்து அவற்றை 'வாங்குவது', அவர்களுக்கே இன்னும் வழங்கப்படாத உரிமையை வாங்குவதாகும்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் சந்தைக்கு வருகின்றன. அனுமதிப்பத்திரத்தை விற்க முடியாது. அளிப்பை விற்கப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி தேவை. தனியார் உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குத் தோம்பு பாருங்கள். பிரிக்கப்படாத பங்கு என்றால் மற்றப் பங்காளர்கள் யார், எங்கே என்று தெரியாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் காட்டும் நொத்தாரிசை விட்டு, நீங்கள் தெரிவுசெய்த நொத்தாரிசிடம் போங்கள்.

புலம்பெயர்ந்தோர் கவனத்துக்கு: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். நீண்டகாலக் குத்தகைக்கும் வழி உண்டு. ஊரில் உள்ள உறவினர் பெயரில் வாங்கி வைத்தால் காணி சட்டப்படி அந்த உறவினருடையதே. போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகப் பிறர் பெயரில் எழுதிய காணிகளைத் திரும்பப் பெற வழக்காடிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களைக் குடியேற்ற மாற்றுக் காணிதான் கொடுக்கப்படவில்லை. மாற்று இடத்தைத் தெரிவு செய்ய வசதி உள்ள நீங்கள், முற்பணத்துக்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பாருங்கள், அதன் மதிப்பீட்டையும் பெறுங்கள். சாய்ந்த மரங்கள், நிலத்தில் புது வெடிப்பு, திடீரெனத் தோன்றிய ஊற்று, எல்லாமே கெட்ட அறிகுறி.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். உமாஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பெருகியதை அடுத்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அங்கே வீட்டோடு வாங்குபவர் புதுப் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

என் கணிப்பில், பாலத்தைப் பார்க்கும் செங்குத்துச் சரிவைவிட, பதுளை அல்லது பண்டாரவளை நகரை அண்டி, பிரதேச சபை வீதி உள்ள, தனியுறுதியுடைய இருபது பேர்ச் சமதரை மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய், பக்கத்து லயத்தில் இருப்பவர்களிடம் எந்த வருடம் எங்கே மண் இறங்கியது என்று கேளுங்கள்.