டர்போ எஞ்சினுக்கு எந்த பிஸ்டன்? இரண்டு விதிகளின் பழைய கதை

டர்போ போட்டு எஞ்சின் கட்டுகிறவர்களிடம் பிஸ்டன் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விதிகள் உடனே வந்து விழும். ஒன்று, "கம்ப்ரெஷனைக் குறைச்சுடு." இரண்டு, "ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடு." ஏன் என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்பார்கள்.

என் வேலை மென்பொருள். பழைய நிரல்களில் இப்படிச் சில வரிகள் இருக்கும். ஏன் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, நீக்கவும் பயம். அந்த வரி எந்த நெருக்கடியில் எழுதப்பட்டது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். பிஸ்டன் விதிகளையும் அப்படித் தோண்டிப் பார்த்ததன் குறிப்புகள்தான் இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் விதிக்கு வயசாகிவிட்டது. இரண்டாவது பாதி உண்மை.

பிஸ்டன் தலையில் ஒரு கணக்கு

நாலு சிலிண்டர், 2 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 500 சிசி. அமுக்க விகிதம் 9.5:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 59 சிசி. இதை 7:1 ஆக்க வேண்டுமானால் 83 சிசி வேண்டும். வித்தியாசம் 24 சிசி. அந்த இடத்தைப் பெரும்பாலும் பிஸ்டனின் தலையில் கிண்ணம் மாதிரிக் குழித்து எடுக்கிறார்கள். ஆக, பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பது என்றாலே பாதி அமுக்க விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

எதற்காகக் குறைக்க வேண்டும்? காற்றை அமுக்கினால் சூடாகும். 27 டிகிரிக் காற்றை 9.5 மடங்கு அமுக்கினால், வெப்ப இழப்பே இல்லாத ஏட்டுக் கணக்கில், அது 465 டிகிரிக்குப் போகும். டர்போ என்பதும் காற்றை அமுக்கும் கருவிதானே? அதிலிருந்து காற்று 100 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அமுக்கத்தின் முடிவில் 645 டிகிரி. இந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகவே பற்றிக்கொள்கிறது. அதைத்தான் நாக்கிங் என்கிறோம். அதனால் கிளம்பும் அழுத்த அலைகள் பிஸ்டன் தலையை அரிக்கும், ரிங் காடிகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பகுதியை உடைக்கும்.

அதே 100 டிகிரிக் காற்றை 7 மடங்கு மட்டும் அமுக்கினால் 540 டிகிரியோடு நின்றுவிடும். முதல் விதியின் நியாயம் இதுதான்.

ஆனால் விலை உண்டு. ஏட்டுக் கணக்கில் 9.5:1 எஞ்சினின் வெப்பத்திறன் 59 சதவீதம், 7:1க்கு 54. நிஜ எஞ்சினில் இரண்டுமே இதைவிடக் கீழேதான், ஆனால் இடைவெளி மறையாது. டர்போ சுழன்று வேகம் எடுக்கும் வரை வண்டி மந்தமாகத்தான் போகும்.

1962: இரண்டு கார், இரண்டு பதில்

டர்போவுக்கான முதல் காப்புரிமையை சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பியூக்கி வாங்கியது 1905இல். கார் வாங்கும் பொதுமக்களிடம் டர்போ வந்தது 1962இல், அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு பிரிவுகள் ஒரே வருடத்தில் இரண்டு டர்போ கார்களை இறக்கின. இரண்டும் எதிரெதிர் வழியில் போனதுதான் சுவாரசியம்.

செவர்லே கோர்வேர் மான்சா ஸ்பைடர் அமுக்க விகிதத்தை 8:1 ஆக வைத்தது. டர்போ இல்லாத, வேகமான கோர்வேரில் அது 9:1. கொஞ்சம் விட்டுக்கொடுத்து 150 குதிரைத்திறன் எடுத்தார்கள். அதிகம் அலட்டிக்கொள்ளாத தீர்வு.

ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வேறு ரகம். 3.5 லிட்டர் அலுமினிய வி8, 215 குதிரைத்திறன். அமுக்க விகிதம் 10.25:1! டர்போவையும் போட்டு விகிதத்தையும் இப்படி வைத்தால் நாக்கிங் வராதா? வரும். அதற்குத்தான் 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று ஒரு திரவம். வேறொன்றுமில்லை, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும், கூடவே துளி அரிப்புத் தடுப்பானும். டர்போ வேலை செய்யும்போது இது காற்றோடு சேர்ந்து உள்ளே போய், ஆவியாகி, சூட்டை இழுத்துக்கொள்ளும். தொட்டி காலியானால் எஞ்சினைக் காப்பாற்ற டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடும் இருந்தது.

இயற்பியல் சரி, மனுஷன்தான் சரியில்லை. பெட்ரோலோடு இன்னொரு திரவத்தையும் ஊற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்தார்கள். தொட்டி காலியாகி வண்டி சோர்ந்தது, புகார்கள் குவிந்தன. இரண்டு வருடத்தில் பத்தாயிரம் கார்கூட விற்கவில்லை. 1965இல் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. கோர்வேரின் டர்போ 1966 வரை ஓடியது.

இதிலிருந்து தொழில் கற்றுக்கொண்ட பாடம் 'டர்போ என்றால் அமுக்க விகிதத்தைக் குறை' என்பது. ஆனால் ஜெட்ஃபயர் தோற்றது வேறு காரணத்தால். சூட்டைப் பிஸ்டன் தலையைக் குழிக்காமலே வேறு வழியில் எடுத்துவிடலாம் என்று அது காட்டிவிட்டது. அந்த வழியை ஓட்டுநரின் ஞாபகசக்தியை நம்பி அமைத்ததுதான் கோளாறு.

6.5 வரை போன இறக்கம்

எழுபதுகளில் விதி உச்சத்துக்குப் போனது. 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் 6.9:1. டர்போ இல்லாத அதன் அண்ணன் 2002 டிஐஐயில் 9.5:1. அதே வருடம் எண்ணெய் நெருக்கடி வேறு. மொத்தம் 1,672 கார்களோடு கதை முடிந்தது. 1975ஆம் ஆண்டு மாடலாக வந்த போர்ஷே 911 டர்போ இன்னும் கீழே, 6.5:1.

திருப்பம் 1978இல். போர்ஷே எஞ்சினை 3.3 லிட்டராக்கி, பின்பக்க இறக்கைக்கு அடியில் ஓர் இன்டர்கூலரை வைத்தது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிரவைக்கும் ரேடியேட்டர் அது. திறன் 260இலிருந்து 300 குதிரைக்கு ஏறியது. அமுக்க விகிதமும் 7:1க்கு ஏறியது. இந்த இரண்டாவது ஏற்றம்தான் நமக்கு முக்கியம்.

பழைய கணக்கை மறுபடி போடுங்கள். 100 டிகிரிக் காற்றை இன்டர்கூலர் 50க்கு இறக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 9.5 மடங்கு அமுக்கினாலும் 520 டிகிரியை ஒட்டித்தான் போகும். இன்டர்கூலர் இல்லாத 7:1 எஞ்சினின் 540ஐவிடக் குறைவு! அழுத்தமும் நாக்கிங்கைத் தூண்டும் என்பதால் கதை இதோடு முடிவதில்லை. ஆனாலும், பிஸ்டனில் குழித்த 24 சிசி செய்த வேலையில் பெரும்பங்கை ஓர் அலுமினியப் பெட்டி செய்துவிடுகிறது.

காது வைத்துக் கேட்ட சாப்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் சுவீடனில். 1977இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய சாப் 99 டர்போ, விதிப்படி 7.2:1. டர்போ வேலைக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் பேர் யில்ப்ரான்ட் அடுத்துச் செய்ததுதான் பெரிய காரியம். எஞ்சின் பிளாக்கில் நாக்கிங்கைக் கேட்கும் ஒரு சென்சார். அது 'கேட்டேன்' என்று சொன்னதும் ஒரு வால்வு டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும், அமைதியானதும் பழையபடி ஏற்றும். ஏபிசி என்று பெயர். 1982 மாடலில் இது வந்தபோது அமுக்க விகிதம் 8.5:1 ஆனது. பின்னால் 16 வால்வும் இன்டர்கூலரும் சேர்ந்தபோது 9:1.

அதற்கு முன்பு பிஸ்டன், வரக்கூடிய மிக மோசமான பெட்ரோலுக்கும் மிகச் சூடான நாளுக்கும் சேர்த்துக் குழிக்கப்பட்டது. வருடத்தில் பத்து நாள் வரும் ஆபத்துக்காக 365 நாளும் தண்டம் கட்டினோம். சென்சார் வந்தபின் ஆபத்து வரும்போது மட்டும் கட்டினால் போதும். உலோகத்தில் எழுதி வைத்திருந்த முடிவை, ஓடும்போது எடுக்கும் முடிவாக மாற்றினார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

எரிபொருளாலும் இதைச் சாதிக்கலாம். 1988இல் மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றபோது, அதன் 1.5 லிட்டர் ஹோண்டா டர்போ 9.4:1இல் ஓடியது. எரிபொருளில் 84 சதவீதம் டொலுயீன். அது எளிதில் தானாகப் பற்றாது.

கடைசியாக வந்தது பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிச் சூட்டை இழுக்கிறது. ஜெட்ஃபயர் தனித் திரவத்தை வைத்துச் செய்ததில் ஒரு பங்கைப் பெட்ரோலே செய்கிறது, யாரும் மறக்கவும் முடியாது! 2004இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் 2 லிட்டர் டர்போவில் அமுக்க விகிதம் 10க்கு மேல், 200 குதிரைத்திறன். முப்பது வருடம் முந்தைய, அதே 2 லிட்டர் பிஎம்டபிள்யூவில் 6.9:1, 170 குதிரைத்திறன்.

இரண்டாவது விதி: உலோகம்

1913இல் பிரான்ஸின் டிஎஃப்பி கார் ஆலைக்குப் போன டபிள்யூ. ஓ. பென்ட்லி, மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த ஒரு சின்ன அலுமினிய பிஸ்டனைப் பார்த்தார். நிஜ எஞ்சினிலேயே போட்டால் என்ன என்று தோன்றியது. 88 சதவீதம் அலுமினியம், 12 சதவீதம் செம்பு என்று வார்த்துப் போட்டார், வேலை செய்தது. முதல் உலகப்போரில் அது விமான எஞ்சின்களுக்குப் போனது.

அதே போர்க்காலத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம், சூட்டிலும் பலம் குறையாத அலுமினியம் தேடி, செம்பு, நிக்கல், மக்னீசியம் கலந்த 'ஒய் அலாய்' என்ற கலவையைக் கண்டுபிடித்தது. ரோல்ஸ்-ராய்ஸ் அந்த வழியில் வளர்த்த குடும்பத்தில் ஒன்று ஆர்ஆர்58. கான்கார்ட் விமானத்தின் உடல் இந்த உலோகம்தான். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் அதன் மூக்கு 127 டிகிரி வரை சூடாகும். இன்று பந்தய டர்போ பிஸ்டன் பெட்டியில் '2618' என்று அச்சிட்டிருக்கிறதே, அது ஏறக்குறைய இதே கலவை. பிஸ்டனுக்காகத் தொடங்கிய தேடல் விமானமாகப் பறந்து, மறுபடி பிஸ்டனுக்கே வந்திருக்கிறது.

ஃபோர்ஜ்டு என்பதிலேயே இரண்டு ஜாதி உண்டு. 2618இல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். 4032இல் சுமார் 12 சதவீதம். சிலிக்கான் கூடக்கூட உலோகம் குறைவாக விரியும், குறைவாகத் தேயும், ஆனால் அடி தாங்காது. 86 மிமீ பிஸ்டன் 200 டிகிரி சூடேறினால் 2618 சுமார் 0.38 மிமீ விரியும், 4032 சுமார் 0.33. அந்த 0.05 மிமீக்காக 2618க்குக் கூடுதல் இடைவெளி விடுகிறார்கள். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம். ரிங் காடியும் சீக்கிரம் தேயும். சிலிக்கான் 16 சதவீதத்துக்கு மேல் போகும் வார்ப்புப் பிஸ்டன்கள் சத்தமில்லாமல் பல வருடம் உழைக்கும். ஆனால் தொடர்ந்து நாக்கிங் வந்தால் மற்ற இரண்டையும்விட முதலில் உடையும்.

அப்ப எதைப் போடறது?

கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: என் எஞ்சினில் சூட்டைச் சமாளிக்க வேறு யார் இருக்கிறார்கள்? நல்ல இன்டர்கூலர், நாக் சென்சாரோடு ஒழுங்காக டியூன் செய்த கன்ட்ரோல் யூனிட், நம்பிக்கையான பெட்ரோல் மூன்றும் இருந்தால், மிதமான டர்போ அழுத்தத்துக்கு 9 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இவற்றில் ஒன்று இல்லையென்றால்தான் பிஸ்டன் அந்த வேலையையும் சுமக்க வேண்டும்.

குறைத்தே ஆக வேண்டுமென்றால் கிண்ணம் குழித்த பிஸ்டனில் குறையுங்கள். தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டுக் குறைப்பது மலிவு, ஆனால் அது பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய இடுக்கை அகலமாக்கிவிடும். உச்சிக்கு வரும்போது கலவையைப் பிதுக்கிச் சுழற்றி, தீயை வேகமாகப் பரவச் செய்வது அந்த இடுக்குதான். அதன் அருமையை ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப்போர் முடிந்த கையோடு காட்டிவிட்டார். விகிதம் குறையும், நாக்கிங் குறையாமல் போகலாம்.

தினமும் ஆபீஸ் போகும் வண்டி என்றால் 4032. விடுமுறைக்கு விடுமுறை பந்தயத் தடத்தில் அதிக அழுத்தம் வைத்து ஓட்டுகிற வண்டி என்றால் 2618. எதுவானாலும் ரிங் இடைவெளியை டர்போவுக்கென்று பிஸ்டன் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு விடுங்கள். சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் எவ்வளவு விலையுயர்ந்த பிஸ்டனும் உடையும், பழி மட்டும் பிஸ்டன் மேல் விழும்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் நாக்கிங்கை நிறுத்தாது, கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அவ்வளவு காசு கொடுக்கிறோம். அதே காசில் ஒரு பகுதியை இன்டர்கூலருக்கும் டியூனிங்குக்கும் ஒதுக்கினால், அந்த நேரம் தேவைப்படாமலே போகலாம்.